அமெரிக்கக் கவுன்ட்டி ஒன்றின் பால் பண்ணை மானியக் கணக்கைப் படிப்பது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

விஸ்கான்சின் மாநிலத்தின் நடுப்பகுதியில் கிளார்க் என்றொரு கவுன்ட்டி (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) இருக்கிறது. மக்கள்தொகை சுமார் 35,000தான். ஆனால் பால் பண்ணைகளின் எண்ணிக்கையில் மாநிலத்தின் முன்வரிசையில் நிற்கிறது. தலைமை ஊரான நீல்ஸ்வில்லில் 'சாட்டி பெல்' என்று பேசும் மாட்டுச் சிலையே வைத்திருக்கிறார்கள். இப்படியொரு கவுன்ட்டியின் பெயரை மானியத் தரவுத்தளத்தில் தட்டினால், 'பால் திட்ட மானியங்கள்' என்ற தலைப்பில் சில கோடி டாலர் என்று ஒரு தொகை வந்து நிற்கும்.

அந்தத் தொகையை அப்படியே எடுத்துக் கட்டுரையில் போடுகிறவர்கள் நிறையப் பேர். 'அரசு இவ்வளவு கொட்டுகிறது' என்று ஒருவர் எழுதுவார், 'இவ்வளவு கொடுத்தும் பண்ணைகள் மூடுகின்றன' என்று இன்னொருவர் எழுதுவார். இரண்டுக்குமே அந்த ஒற்றை எண் போதாது. நான்கைந்து திட்டங்கள், வெவ்வேறு சூத்திரங்கள், தள்ளிப்போன தேதிகள் எல்லாம் சேர்ந்து உண்டான கூட்டுத்தொகை அது. பிரித்துப் பார்க்காமல் அதிலிருந்து ஒரு முடிவுக்கும் வர முடியாது.

பிரித்துப் பார்ப்பது எப்படி என்பதுதான் இங்கே விஷயம். வேளாண் பொருளாதாரம் படிக்கிறவர்கள், செய்தி எழுதுகிறவர்கள், தரவுகளோடு மல்லுக்கட்டுகிறவர்கள் எல்லோருக்கும் உதவும். கிளார்க் கவுன்ட்டியை உதாரணமாக வைத்துக்கொள்வோம். நியூயார்க்கின் லூயிஸ், கலிபோர்னியாவின் துலாரே என்று எந்தக் கவுன்ட்டிக்கும் இதே முறைதான்.

படி 1: சரியான கவுன்ட்டியையும் சரியான அளவையும் பிடியுங்கள்

கிளார்க் என்ற பெயரில் அமெரிக்காவில் பல கவுன்ட்டிகள் உண்டு. லாஸ் வேகஸ் நகரம் இருப்பதும் ஒரு கிளார்க் கவுன்ட்டியில்தான். அதனால் பெயரை நம்பாமல் எண்ணை நம்புங்கள். அமெரிக்க அரசின் ஐந்து இலக்கக் குறியீட்டில் முதல் இரண்டு மாநிலத்துக்கு, அடுத்த மூன்று கவுன்ட்டிக்கு. விஸ்கான்சினின் கிளார்க் 55019. நெவாடாவின் கிளார்க் 32003. வாஷிங்டன் மாநிலத்தின் கிளார்க் 53011. வேளாண் துறையின் பண்ணைச் சேவை முகமை தனக்கென்று ஒரு குறியீட்டு வரிசை வைத்திருக்கிறது. பெரும்பாலும் இதோடு ஒத்துப்போகும், சில கவுன்ட்டிகளில் வேறுபடும். இரண்டு தரவுகளை இணைக்கும்போது அதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் இங்கேயே சொல்லிவிடலாம். 'கவுன்ட்டி மானியம்' என்றாலும் பணம் கவுன்ட்டி நிர்வாகத்தின் கஜானாவிலிருந்து வருவதில்லை, வாஷிங்டனிலிருந்து வருகிறது. உள்ளூரில் இருப்பது பண்ணைச் சேவை முகமையின் அலுவலகமும், விவசாயிகளே தங்களுக்குள் தேர்ந்தெடுக்கும் கவுன்ட்டிக் குழுவும். விண்ணப்பம் வாங்குவது, பதிவு செய்வது போன்ற வேலைகள் அங்கே நடக்கும். ஒரு லிட்டருக்கு எவ்வளவு என்று தீர்மானிக்கும் அதிகாரம் அவர்களிடம் இல்லை.

அளவு விஷயத்தில், அமெரிக்காவில் பாலை லிட்டரில் பேசுவதில்லை. எல்லா விலையும் 100 பவுண்டுக்கு இவ்வளவு என்றுதான் வரும். 100 பவுண்டு என்பது 45.36 கிலோ, ஏறத்தாழ 44 லிட்டர். பண்ணையின் ஆண்டு உற்பத்தி லட்சக்கணக்கான பவுண்டுகளில் இருக்கும். ஒரு மாடு ஆண்டுக்குச் சராசரியாக 24,000 பவுண்டு கறக்கிறது என்று வைத்துக்கொண்டால் 50 லட்சம் பவுண்டு என்பது சுமார் 210 மாடுகள் உள்ள பண்ணை. இந்த 50 லட்சம் பின்னால் முக்கியமாக வரும், நினைவில் வையுங்கள்.

படி 2: எந்த ஆண்டில் எந்தத் திட்டம் என்று ஒரு காலக்கோடு போடுங்கள்

இதைச் செய்யாமல் தரவைத் திறக்கவே வேண்டாம். ஆண்டுவாரி வரைபடத்தில் மேடும் பள்ளமும் ஏன் வருகின்றன என்பதற்குப் பாதி விடை இங்கேதான் இருக்கிறது.

பல பத்தாண்டுகளாக அமெரிக்க அரசு பெரும்பாலும் பண்ணைக்கு நேரடியாகப் பணம் தரவில்லை. வெண்ணெய், சீஸ், பால் பவுடர் மூன்றையும் ஆலைகளிடமிருந்து ஒரு குறைந்தபட்ச விலைக்கு வாங்கிக் குவித்து, அதன் மூலம் பால் விலையைத் தாங்கிப் பிடித்தது. 1980களில் குகைக் கிடங்குகளில் மலைபோல் குவிந்த 'அரசு சீஸ்' அப்படி வந்ததுதான். வாங்கியது ஆலையிடம் என்பதால் அந்த ஆதரவு எந்தக் கவுன்ட்டிக் கணக்கிலும் தெரியாது. குவியல் தாங்காமல் 1986இல் மந்தையை மொத்தமாக விலைக்கு வாங்கும் திட்டம் ஒன்றும் வந்தது. சுமார் 14,000 பண்ணைக்காரர்கள் மாடுகளை இறைச்சிக்கோ ஏற்றுமதிக்கோ அனுப்பிவிட்டு, ஐந்து ஆண்டுகள் பால் தொழிலுக்கே வருவதில்லை என்று ஒப்பந்தம் போட்டார்கள். பொதுவில் கிடைக்கும் தரவுகள் பெரும்பாலும் 1995இல்தான் தொடங்குகின்றன. ஆகவே இவை எதுவும் உங்கள் கூட்டுத்தொகையில் இருக்காது. 1990களில் தொகை சிறியதாகத் தெரிந்தால் 'அப்போது ஆதரவு குறைவு' என்று எழுதிவிடாதீர்கள். ஆதரவு வேறு வழியில் போய்க்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

2002 வேளாண் சட்டம் 'பால் வருமான இழப்பு ஒப்பந்தம்' என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. தரவுகளில் மில்க் (MILC) என்ற சுருக்கப் பெயரில் வரும். இதன் சூத்திரம் எளிது: பாஸ்டன் நகரத்துக்கான குடிப்பால் விலை 100 பவுண்டுக்கு 16.94 டாலருக்குக் கீழே இறங்கினால், வித்தியாசத்தில் 45 சதவீதத்தை அரசு தரும். விஸ்கான்சின் விவசாயிக்கு ஏன் பாஸ்டன் விலை? 1997 முதல் 2001 வரை வடகிழக்கு மாநிலங்கள் தங்களுக்குள் ஒரு பால் விலைக் கூட்டமைப்பு வைத்திருந்தன. அதன் இலக்கு விலையை அப்படியே நாடு முழுவதற்கும் எடுத்துக்கொண்டார்கள். இடையில் சில ஆண்டுகள் 45 சதவீதம் 34 ஆகக் குறைந்தது. 2008 சட்டம் அதை மீண்டும் 45 ஆக்கி, தீவனச் செலவு ஏறினால் இலக்கும் ஏறும்படி மாற்றியது.

மில்க் திட்டத்தில் கவனிக்க வேண்டியது அதன் உச்சவரம்பு. ஒரு பண்ணைக்கு ஆண்டுக்கு 24 லட்சம் பவுண்டு வரைதான், 2008 சட்டத்துக்குப் பிறகு 29.85 லட்சம். பெரிய பண்ணை அந்த அளவை இரண்டே மாதத்தில் தொட்டுவிடும். அதனால் எந்த மாதத்தில் தொடங்குவது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை கொடுத்தார்கள். அது கிட்டத்தட்டச் சூதாட்டம்தான். சின்ன மந்தைகள் நிறைந்த கிளார்க் போன்ற கவுன்ட்டிகளுக்கு இந்த வரம்பு சாதகம். துலாரே போல ஆயிரக்கணக்கான மாடுகள் உள்ள பண்ணைகளுக்குச் சில்லறை. பால் விலை சரிந்த 2009இல் மில்க் பணம் கூரையைத் தொட்டது. அதே குளிர்காலத்தில் 29 கோடி டாலர் தனி நிவாரணமாகவும் போனது.

2014 சட்டம் மில்க் திட்டத்தை எடுத்துவிட்டு, 'மார்ஜின் பாதுகாப்பு' என்று காப்பீடு போன்ற ஒன்றைக் கொண்டுவந்தது. நல்ல யோசனைதான், கணக்குதான் கஞ்சத்தனமானது. முதல் சில ஆண்டுகளில் விவசாயிகள் கட்டிய பிரீமியத்தைவிட மிகக் குறைவாகவே திரும்ப வந்தது. கோபத்தில் பலர் விலகினார்கள். பிறகு 2018 சட்டம் அந்தப் பிரீமியத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தரவும் செய்தது: ரொக்கமாக வேண்டுமென்றால் 50 சதவீதம், புதிய திட்டத்தின் பிரீமியத்தில் கழித்துக்கொள்வதானால் 75 சதவீதம். 2015 முதல் 2017 வரை உங்கள் வரைபடம் தரையோடு படுத்திருந்தால் காரணம் இதுதான்.

அந்தப் புதிய திட்டம் 'டெய்ரி மார்ஜின் கவரேஜ்', சுருக்கமாக டி.எம்.சி. 2019 ஜனவரி முதல் நடப்பில் இருக்கிறது. இன்றைய கணக்கின் மையம் இதுதான், அடுத்த இரண்டு படிகளும் இதைப் பற்றியே.

நடுவே ஒருமுறை மட்டும் வந்துபோன பணங்களும் உண்டு. சீனாவோடு வர்த்தகச் சண்டை நடந்த 2018இல் 100 பவுண்டுக்கு 12 சென்ட், 2019இல் 20 சென்ட். கொரோனா ஆண்டான 2020இல் முதல் காலாண்டுப் பாலுக்கு 100 பவுண்டுக்கு 4.71 டாலரும், அதன் மேல் 1.47 டாலரும். பின்னர் வந்த இரண்டாம் சுற்றில் 1.20 டாலர். இவை தரவில் 'பால்' என்ற தலைப்பின் கீழ் இருக்காது. வர்த்தக நிவாரணம், கொரோனா நிவாரணம் என்ற தலைப்புகளில் சோளம், சோயா, பன்றியோடு கலந்து கிடக்கும். 2020இல் பால் பண்ணைகளுக்கு உதவி குறைந்தது என்று யாராவது எழுதியிருந்தால், இந்தத் தலைப்புகளைத் திறந்து பார்க்கவில்லை என்று அர்த்தம்.

படி 3: மார்ஜினை நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்

டி.எம்.சி. பால் விலையைப் பார்ப்பதில்லை. பால் விலையிலிருந்து தீவனச் செலவைக் கழித்தால் என்ன மிஞ்சுகிறது என்று பார்க்கிறது. அந்த மிச்சம்தான் மார்ஜின். பால் விலை உச்சத்தில் இருக்கும்போதும் பணம் வரலாம், தீவனம் அதைவிட வேகமாக ஏறியிருந்தால்.

100 பவுண்டுப் பாலுக்கான தீவனச் செலவுக்கு ஒரு நிலையான சூத்திரம் இருக்கிறது. மூன்றையும் கூட்ட வேண்டும்:

மக்காச்சோளம், ஒரு புஷல் (சுமார் 25 கிலோ) விலை × 1.0728
சோயா புண்ணாக்கு, ஒரு டன் விலை × 0.00735
குதிரைமசால் உலர்தீவனம், ஒரு டன் விலை × 0.0137

ஒரு கற்பனை மாதத்தை எடுத்துக்கொள்வோம். சோளம் 5 டாலர், புண்ணாக்கு 400, குதிரைமசால் 250. முறையே 5.36, 2.94, 3.43. மொத்தம் 11.73 டாலர். அந்த மாதம் நாடு முழுவதற்குமான சராசரிப் பால் விலை 20 டாலர் என்றால் மார்ஜின் 8.27. பண்ணைக்காரர் 9.50 டாலர் மட்டத்துக்குப் பதிவு செய்திருந்தால், அதாவது மார்ஜின் அதற்குக் கீழே போகும்போது வித்தியாசத்தைப் பெறும்படி எடுத்திருந்தால், 100 பவுண்டுக்கு 1.23 டாலர் கிடைக்கும். 8 டாலர் மட்டத்துக்குப் பதிவு செய்திருந்தால் ஒன்றும் இல்லை.

இந்த எண்கள் எல்லாமே தேசிய எண்கள். சோளத்துக்கு நாட்டின் சராசரி விலை, புண்ணாக்குக்கு மத்திய இல்லினாய் விலை, குதிரைமசாலுக்கு அதிகம் பால் கறக்கும் ஐந்து மாநிலங்களின் உயர்தர ரக விலை. கிளார்க் கவுன்ட்டியில் அந்த மாதம் மழை பெய்ததா, பண்ணைக்காரர் சோளத்தைச் சொந்த நிலத்தில் விளைவித்தாரா, உள்ளூர் சீஸ் ஆலை எவ்வளவு கொடுத்தது என்பதெல்லாம் கணக்கிலேயே வராது. தீவனத்தைத் தானே விளைவிக்கும் விஸ்கான்சின் பண்ணையும், லாரி லாரியாக விலைக்கு வாங்கும் பண்ணையும் ஒரே மார்ஜினில் நிற்கும். ஆகவே 'கிளார்க் கவுன்ட்டிக்கு 2023இல் நிறையப் பணம் வந்தது, அங்கே பண்ணைகள் அவ்வளவு மோசமாக இருந்தன' என்று சொல்லக் கூடாது. நாட்டின் சராசரி மோசமாக இருந்தது என்பது வரைதான் அந்த எண் சொல்லும். இதைத் திட்டத்தின் குறை என்று நான் நினைக்கவில்லை. உள்ளூர் விலையை வைத்தால் ஏமாற்ற வழி கிடைக்கும், அலுவலகங்களில் சண்டை பெருகும். ஆனால் கணக்கைப் படிக்கிறவர் இதை மறக்கக் கூடாது.

நீங்களே போட்ட கணக்கை வேளாண் துறை மாதந்தோறும் வெளியிடும் மார்ஜினோடு ஒப்பிடுங்கள். ஒரு மாதத்தின் முழு விலை அடுத்த மாதக் கடைசியில்தான் வரும். ஜூன் மாத மார்ஜின் ஜூலை இறுதியில் தெரியும், பணம் அதற்கும் பிறகு. 2023 ஜூனில் மார்ஜின் 3.65 டாலர், ஜூலையில் 3.52. இந்த வகைத் திட்டம் தொடங்கியதிலிருந்து 4 டாலருக்குக் கீழே போனது அதுவே முதல் தடவை. அந்த ஆண்டு 11 மாதங்களுக்குப் பணம் வந்தது, நாடு முழுவதும் 120 கோடி டாலருக்கு மேல். அடுத்த ஆண்டே நிலைமை தலைகீழ். 2024 செப்டம்பரில் மார்ஜின் 15.57 டாலர் என்ற உச்சத்துக்குப் போனது. அந்த ஆண்டு ஜனவரி, பிப்ரவரி தவிர வேறு மாதங்களுக்குப் பணம் இல்லை. இரண்டு ஆண்டுகளை மட்டும் எடுத்து 'மானியம் வெட்டப்பட்டது' என்று தலைப்பு போட்டால் எவ்வளவு தவறாகும் என்று பாருங்கள்.

படி 4: ஒரு மாதிரிப் பண்ணைக்குப் பணம் போட்டுப் பாருங்கள்

முதலில், 2025 வரை இருந்த விதிகள். 2026 முதல் மாறியவை படி 9இல் வரும். ஒவ்வொரு பண்ணைக்கும் ஒரு 'உற்பத்தி வரலாறு' உண்டு. 2011, 2012, 2013 ஆகிய மூன்று ஆண்டுகளில் அதிகம் விற்ற ஆண்டின் பால் அளவுதான் அதற்கு அடிப்படை. அதில் 5 முதல் 95 சதவீதம் வரை எவ்வளவுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று பண்ணைக்காரர் தேர்ந்தெடுப்பார். எந்த மார்ஜின் மட்டம் என்பதையும் அவரே தேர்ந்தெடுப்பார்: 4 டாலரில் தொடங்கி அரை டாலர் இடைவெளியில் 9.50 வரை. முதல் 50 லட்சம் பவுண்டு முதல் அடுக்கு. அதற்கு மேற்பட்டது இரண்டாம் அடுக்கு, அங்கே 8 டாலர்தான் உச்சம்.

பிரீமியத்தில்தான் அரசின் மனம் தெரிகிறது. முதல் அடுக்கில் 9.50 டாலர் பாதுகாப்புக்கு 100 பவுண்டுக்கு 15 சென்ட்தான். இரண்டாம் அடுக்கில் 8 டாலர் பாதுகாப்புக்கு 1.813 டாலர், பன்னிரண்டு மடங்கு. பெரிய பண்ணையே, அந்தப் பக்கம் வராதே என்று எழுதி ஒட்டியதற்குச் சமம். 4 டாலர் மட்டத்துக்கு இரண்டு அடுக்கிலும் பிரீமியமே இல்லை, ஆண்டுக்கு 100 டாலர் நிர்வாகக் கட்டணம் மட்டும்.

சரி, இப்போது கணக்கு. 40 லட்சம் பவுண்டு வரலாறு உள்ள பண்ணை, அதாவது 165 மாடுகள் அளவு. 95 சதவீதம், 9.50 மட்டம்.

பாதுகாக்கப்பட்ட பால்: 38 லட்சம் பவுண்டு
மாதத்துக்கு: அதில் 12இல் ஒரு பங்கு, சுமார் 3,16,667 பவுண்டு
2023 ஜூலை வித்தியாசம்: 9.50 − 3.52 = 5.98 டாலர்
அந்த மாதத் தொகை: 3,166.67 × 5.98 = சுமார் 18,937 டாலர்
பட்ஜெட் கட்டுப்பாட்டு வெட்டு (அரசுச் செலவைக் குறைக்கச் சட்டப்படி பிடிப்பது) 5.7 சதவீதம் போக: சுமார் 17,857 டாலர்
ஆண்டுப் பிரீமியம்: 38,000 × 0.15 = 5,700 டாலர், கூடவே 100 டாலர் கட்டணம்

ஒரே மாதத்தில் முழு ஆண்டுப் பிரீமியத்தைப் போல மூன்று மடங்கு. ஐந்து ஆண்டுகளுக்குச் சேர்த்துப் பதிவு செய்தவர்களுக்குப் பிரீமியத்தில் 25 சதவீதத் தள்ளுபடியும் இருந்தது. அதே பண்ணை இலவசமான 4 டாலர் மட்டத்தோடு நின்றிருந்தால் அந்த மாதம் 1,520 டாலர்தான், அதிலும் வெட்டு போகும். பக்கத்துப் பக்கத்துப் பண்ணைகள், ஒரே எண்ணிக்கையில் மாடுகள், ஆனால் பணத்தில் பன்னிரண்டு மடங்கு வித்தியாசம். காரணம் குளிர்காலத்தில் அலுவலகத்தில் போட்ட ஒரு டிக். கவுன்ட்டித் தரவில் ஒரு பண்ணை நிறையவும் இன்னொன்று குறைவாகவும் வாங்கியிருப்பதைப் பார்த்து உடனே செல்வாக்கு, ஊழல் என்று போய்விடாதீர்கள். முதலில் இந்த டிக்கைச் சந்தேகப்படுங்கள்.

உற்பத்தி வரலாறு என்பது பழைய ஆண்டுகளின் அளவு என்பதால், பணத்தை வைத்து இன்றைய மாடுகளை எண்ணவும் முடியாது. 2013க்குப் பிறகு மந்தையை இரட்டிப்பாக்கிய பண்ணைக்குப் பழைய அளவுக்குத்தான் பணம் வந்தது. இந்தக் குறையைத் தீர்க்கத்தான் 50 லட்சம் பவுண்டுக்குக் குறைவான பண்ணைகளுக்கு, 2019இல் விற்ற பாலை அடிப்படையாக வைத்து ஒரு துணை ஏற்பாடு வந்தது. அது 2021 ஜனவரி முதல் பின்தேதியிட்டு அமலானது. பதிவு நடந்ததோ 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை. விளைவு, 2021ஆம் ஆண்டுக்கான பணத்தில் ஒரு பகுதி 2022 கணக்கில் நிற்கும்.

படி 5: தரவை எடுங்கள்

இரண்டு வழிகள். எளிய வழி, என்வயர்ன்மென்ட்டல் வொர்க்கிங் குரூப் என்ற அமைப்பு நடத்தும் வேளாண் மானியத் தரவுத்தளம். 1995 முதலான தரவைக் கவுன்ட்டிவாரியாக, திட்டவாரியாகத் தொகுத்து வைத்திருக்கிறது. மேலோட்டமாகப் பார்க்க நன்றாக இருக்கும். அந்த அமைப்புக்கு மானியக் கொள்கை பற்றி வலுவான சொந்தக் கருத்து உண்டு. தரவு அரசினுடையது, தலைப்புகளைத் தொகுத்த விதம் அவர்களுடையது என்று புரிந்துகொண்டு பயன்படுத்துங்கள்.

கடினமான ஆனால் சரியான வழி, பண்ணைச் சேவை முகமை தன் இணையதளத்தில் ஆண்டுவாரியாகப் போட்டு வைத்திருக்கும் பட்டுவாடாக் கோப்புகள். எல்லாம் எக்செல். ஒரு கோப்பில் பத்து லட்சத்துச் சொச்சம் வரிகள்தான் அடங்கும் என்பதால் மாநிலங்களைப் பிரித்துப் பல கோப்புகளாக வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு வரியிலும் மாநில, கவுன்ட்டிக் குறியீடு, பெறுபவர் பெயர், முகவரி, தொகை, பட்டுவாடாத் தேதி, திட்டக் குறியீடு, திட்ட விவரம், திட்ட ஆண்டு ஆகியவை இருக்கும்.

கிளார்க் கவுன்ட்டி வரிகளை வடிகட்டிக்கொண்ட பிறகு முதலில் செய்ய வேண்டியது, திட்ட விவரப் பத்தியில் உள்ள தனித்தனிப் பெயர்களைப் பட்டியல் போடுவது. படி 2இல் போட்ட காலக்கோட்டோடு அதை ஒட்டவையுங்கள். பால் என்ற சொல்லைத் தேடி வடிகட்டாதீர்கள், கொரோனா, வர்த்தக நிவாரணங்கள் தப்பிவிடும். அவற்றில் எவ்வளவு பாலுக்கு, எவ்வளவு சோளத்துக்கு என்று அந்த வரியை மட்டும் வைத்துப் பிரிக்கவும் முடியாது. தனி வரிசையாக வைத்து, 'கலப்பு' என்று குறித்துவிடுவதுதான் நேர்மை.

படி 6: ஆண்டுகளை நேராக்குங்கள்

பட்டுவாடாத் தேதி ஒன்று, திட்ட ஆண்டு இன்னொன்று. டிசம்பர் மாத மார்ஜின் ஜனவரி இறுதியில்தான் வரும், ஆகவே டிசம்பருக்கான பணம் எப்போதுமே அடுத்த ஆண்டில் விழும். சட்ட நீட்டிப்பு தாமதமானதால் 2024ஆம் ஆண்டுக்கான பதிவே அந்த ஆண்டு பிப்ரவரி இறுதியில்தான் தொடங்கியது. ஜனவரிக்கான பணம் மார்ச்சில் வரத் தொடங்கியது. விலைச் சரிவையும் மானியத்தையும் ஒரே வரைபடத்தில் போடுகிறீர்கள் என்றால் திட்ட ஆண்டை எடுங்கள். பண்ணையின் கையில் காசு எப்போது வந்தது என்பது கேள்வியானால் தேதியை எடுங்கள். இரண்டையும் கலந்தால் வரைபடம் பொய் சொல்லும்.

ஒரு சின்ன உத்தி: ஒரு பண்ணையின் மாதாந்தரத் தொகை தனியாகத் தெரிந்தால், அதை 0.943ஆல் (5.7 சதவீத வெட்டு போக மிஞ்சும் பங்கு) வகுத்து, அந்த மாத வித்தியாசத்தாலும் வகுத்து, 12ஆல் பெருக்கி, 0.95ஆல் வகுத்தால் உற்பத்தி வரலாறு எத்தனை நூறு பவுண்டு என்று தோராயமாகத் தெரியும். அது 95 சதவீதமும் 9.50 மட்டமும் எடுத்த பண்ணை என்ற அனுமானத்தோடு. பல மாதங்களுக்குப் போட்டுப் பார்த்து ஒரே விடை வந்தால் அனுமானம் சரி. வராவிட்டால் வேறு மட்டத்தை வைத்து முயலுங்கள்.

படி 7: கணக்கில் இல்லாதவற்றைக் குறித்து வையுங்கள்

மிகப் பெரிய இடைவெளி காப்பீடு. 2018 இலையுதிர்காலத்தில் வந்த 'டெய்ரி வருவாய்ப் பாதுகாப்பு' என்ற காப்பீட்டைத் தனியார் முகவர்கள் விற்கிறார்கள், பிரீமியத்தில் 44 முதல் 55 சதவீதத்தை அரசு கட்டுகிறது. டி.எம்.சி.யில் மூடிய கதவு பெரிய பண்ணைகளுக்கு இங்கே அகலமாகத் திறந்திருக்கிறது. பயிர்க் காப்பீட்டுச் சட்டம் தனிநபர் விவரத்தை வெளியிடத் தடை விதிப்பதால் யார் எவ்வளவு பெற்றார் என்று தெரியாது. காப்பீட்டை நடத்தும் இடர் மேலாண்மை முகமையின் தொகுப்பு எண்கள் மட்டுமே கிடைக்கும். சிறு பண்ணைக்காரரின் பெயரும் தொகையும் இணையத்தில் கிடக்க, பெரிய பண்ணையின் காப்பீட்டு மானியம் திரைக்குப் பின்னால் இருக்கிறது. இந்த ஏற்றத்தாழ்வு எனக்கு உறுத்தலாகத்தான் இருக்கிறது.

2021இல் குடிப்பால் விலைச் சூத்திர மாற்றத்தால் வந்த நஷ்டத்துக்குச் சுமார் 35 கோடி டாலர் இழப்பீடு அறிவித்தார்கள். அது பால் வாங்கும் நிறுவனங்கள், கூட்டுறவுகள் வழியாகப் போனது. பண்ணைச் சேவை முகமையின் கோப்பில் தேடிப் பயனில்லை. சாணக் கிடங்கு கட்ட, நீர் மாசைத் தடுக்கத் தரும் பணம் இயற்கை வள முகமையின் கணக்கு. குறைந்தபட்சப் பால் விலையை நிர்ணயிக்கும் கூட்டாட்சிப் பால் சந்தை ஆணைகள் வழியாக மாறும் பணம் வரிப்பணமே இல்லை, பாலை வாங்குகிறவர்கள் கொடுப்பது. 2024இல் மாடுகளுக்குப் பறவைக் காய்ச்சல் பரவியபோது, கறவை குறைந்ததற்கு ஒரு மாட்டுக்கு 21 நாள் முழு இழப்பு, 7 நாள் பாதி இழப்பு என்று கணக்கிட்டு அதில் 90 சதவீதம் கொடுத்தார்கள். அது கால்நடை அவசர உதவித் தலைப்பில் வரும்.

படி 8: வகுக்க வேண்டிய எண்ணைத் தேடுங்கள்

மொத்தத் தொகையை எத்தனை பண்ணைகளால் வகுப்பது? இங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள். விஸ்கான்சினில் 2004 தொடக்கத்தில் உரிமம் பெற்ற பால் மந்தைகள் 15,000க்கு மேல். 2024 தொடக்கத்தில் 6,000க்கும் குறைவு. இருபது ஆண்டுத் தொகையை இன்றைய எண்ணிக்கையால் வகுத்தால் ஒவ்வொரு பண்ணையும் கோடீஸ்வரப் பண்ணையாகத் தெரியும். அந்தந்த ஆண்டின் எண்ணிக்கையால் வகுங்கள். கவுன்ட்டி மட்டத்தில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை வரும் வேளாண் கணக்கெடுப்பு உதவும், கடைசியாக வந்தவை 2017, 2022. அதில் சில கட்டங்களில் எண்ணுக்குப் பதில் 'டி' என்று ஒற்றை எழுத்து இருக்கும். ஓரிரு பண்ணைகளே உள்ள இடத்தில் அவர்களின் விவரம் வெளியே தெரிந்துவிடாமல் மறைத்திருக்கிறார்கள் என்று பொருள், பூஜ்யம் அல்ல.

கிளார்க் கவுன்ட்டிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அங்கே ஆமிஷ், பழைய முறை மெனனைட் குடும்பங்கள் நிறைய. சிறு மந்தைகள், குதிரை வண்டி. அரசு உதவியை ஏற்பதில்லை என்பதை நம்பிக்கையின் பகுதியாகவே வைத்திருப்பவர்கள் அவர்களில் பலர். அவர்களின் மாடுகள் கணக்கெடுப்பில் இருக்கும், பெயர்கள் பட்டுவாடாக் கோப்பில் இருக்காது. எனவே 'ஒரு மாட்டுக்கு இவ்வளவு மானியம்' என்று பக்கத்துக் கவுன்ட்டியோடு ஒப்பிட்டால் கிளார்க் குறைவாகத் தெரிய வாய்ப்பு உண்டு. அதை வறுமையாகவோ அலட்சியமாகவோ படிக்கக் கூடாது. பணம் வாங்கியவர்களின் எண்ணிக்கை, மொத்தப் பண்ணைகளின் எண்ணிக்கை இரண்டையும் தனித்தனியாகச் சொல்லுங்கள்.

பெயர்கள் பற்றி ஒரு வார்த்தை. 2008 வேளாண் சட்டம் நிலம், பயிர் விவரங்களை வெளியிடத் தடை போட்டாலும் பட்டுவாடாத் தொகைகளுக்கு விலக்கு தந்திருக்கிறது. ஆகவே பெயரோடு வெளியிடுவது சட்டப்படி குற்றம் இல்லை. அதற்காக 60 மாடுகள் வைத்திருக்கும் ஒரு குடும்பத்தின் பெயரை முகவரியோடு கட்டுரையில் போட வேண்டிய அவசியம் எப்போதாவதுதான் வரும்.

படி 9: 2026 முதல் மாறியவற்றுக்கு உங்கள் தாளைத் தயார் செய்யுங்கள்

2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம் டி.எம்.சி.யை 2031 வரை நீட்டித்தது. முதல் அடுக்கு 50 லட்சத்திலிருந்து 60 லட்சம் பவுண்டாக உயர்ந்தது, ஏறத்தாழ 250 மாடுகள். உற்பத்தி வரலாறு 2021, 2022, 2023 ஆகியவற்றில் அதிகமான ஆண்டுக்கு மாறியது. 2026 முதல் 2031 வரை சேர்த்துப் பதிவு செய்பவர்களுக்கு 25 சதவீதத் தள்ளுபடி தொடர்கிறது. 2013க்குப் பிறகு வளர்ந்த பண்ணைகளுக்கு இது பெரிய மாற்றம். சுருங்கிய பண்ணைகளுக்கு மட்டும் எதிர்த்திசையில் அடிக்கும்.

ஆகவே ஒரே மார்ஜின் வந்தாலும் 2026க்குப் பிறகு அதே கவுன்ட்டிக்கு வரும் தொகை வேறாக இருக்கும். விரிதாளில் 2025 வரை ஒரு பகுதி, 2026 முதல் இன்னொரு பகுதி என்று பிரித்து, அடுக்கு வரம்பையும் அடிப்படை ஆண்டுகளையும் தனிக் கட்டங்களில் வையுங்கள். சூத்திரத்துக்குள் 50,00,000 என்று நேரடியாக எழுதியிருந்தால் இப்போதே மாற்றிவிடுவது நல்லது. படி 6இல் சொன்ன பின்னோக்கிக் கணக்கிடும் உத்தியையும் புதிய ஆண்டுகளுக்குத் தனியாக ஓட்டுங்கள். பழைய வரலாற்று எண்ணும் புதியதும் ஒரே பண்ணைக்குப் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றால், பத்தாண்டுகளில் அந்த மந்தை எவ்வளவு வளர்ந்தது என்பதையும் தோராயமாகப் பார்க்கலாம்.